ஒரு டம்ளர் குறைவு

குற்றாலத்தில் காப்பி போட முடியாமல் போயிற்று. பால் இருந்தது, தூள் இருந்தது, சீனி இருந்தது, அடுப்பும் எரிந்தது. ஆனால் ஊற்றினால் டம்ளருக்குள் காப்பி விழவில்லை, ராகம் விழுந்தது. அவ்வளவுதான் சங்கதி. அது எப்படி என்று கேட்கிறவர்கள் டீக்கடைக்குப் போகலாம்.

பேரருவிக்குப் போகிற சாலையில், நேந்திரங்காய் சிப்ஸ் வறுக்கிற சட்டிகளையும் மங்குஸ்தான் கூடைகளையும் எண்ணெய் தேய்த்துவிட ஆள் பிடிக்கிறவர்களையும் தாண்டி, ஈரத்துண்டும் பசியுமாக வருகிற கூட்டம் எந்தப் பக்கம் திரும்பினாலும் நெற்றியில் இடிக்கிற மாதிரி ஒரு கட்டடம் நிற்கிறது. ஏழுசுரம் சைவ உணவகம் என்று பேர். முதலாளி கோமதிநாயகத்துக்குப் பாட்டு தெரியாது. பாட்டு விற்கும் என்று தெரியும். அதனால் நாற்காலிக்கு வீணை மாதிரி முதுகு வைத்தார், சாய்ந்தால் யாளியின் மூக்கு தோளில் குத்தும். முக்காலிக்கு மிருதங்கம் மாதிரி உடம்பு வைத்தார், குழந்தைகள் தட்டித் தட்டித் தோல் கிழிந்தது. கைகழுவுகிற குழாயைத் திறந்தால் தம்புரா கேட்கவும் மூடினால் நிற்கவும் ஏற்பாடு செய்தார், அதற்காகவே கூட்டம் சாப்பிடுமுன் ஒரு தரமும் சாப்பிட்டபின் இரண்டு தரமும் கை கழுவியது.

அந்தக் கடையில் பலகாரத்துக்குச் சொந்தப் பேர் கிடையாது. ராகத்தின் பேரைச் சொல்லித்தான் கேட்க வேண்டும். இட்லிக்குப் பூபாளம், தோசைக்குத் தோடி, உளுந்தவடைக்கு மோகனம், கேசரிக்குக் கல்யாணி, தயிர்சாதத்துக்கு நீலாம்பரி, தின்றால் தூக்கம் வரும் என்பதால். சர்வர் 'ரெண்டு தோடி, ஒண்ணு முறுகலா' என்று கூவுவான்; கூடத்தின் நடுவில் மரமேடையில் உட்கார்ந்திருக்கும் ஞானசிகாமணி சாக்ஸபோனை எடுத்து, தட்டு மேசைக்கு வருகிறவரை தோடியை ஊதுவார், முறுகல் என்றால் கொஞ்சம் முறுகலாகவே ஊதுவார். முப்பது வருஷம் பேண்டு செட்டில் கல்யாணத்துக்கும் சாவுக்கும் ஊதின ஆள். தோசைக்கு ஊதுவது அவருக்குப் பெரிய விஷயமில்லை.

இன்ன ராகத்துக்கு இன்ன பலகாரம் என்று சோடி சோடியாகப் பலகையில் எழுதி மாட்டியிருந்தது. எழுதினவர் எதிர்க்கடை மந்திரமூர்த்தி. மஞ்சள் பெயிண்ட், கொம்பும் சுழியும் வைத்த எழுத்து. மாட்டினது ஆனி மாதம் முதல் வெள்ளிக்கிழமை காலை.

அன்று பகல் பதினோரு மணிக்கு, சிவகாசிக் காலண்டர் வியாபாரி ஒருவர், தலையில் எண்ணெய் போகாமல், தோளில் ஈரத்துண்டோடு மேடைக்குப் பக்கத்து மேசையில் உட்கார்ந்து, பலகையின் கடைசி வரியைப் படித்து, ஒரு காபி என்றார். சர்வர் கூவினான். ஞானசிகாமணி காபி ராகத்தை ஊதினார். காப்பி மாஸ்டர் சொரிமுத்து ஊற்றினார். மூன்றும் ஒரே நேரம். சொரிமுத்து பேருக்கு ஏற்ற கைக்காரர், தலைக்கு மேல் தூக்கி ஊற்றினால் ஒன்றரை முழத்துக்குக் காப்பி கயிறு மாதிரி இறங்கும். அன்று அந்தக் கயிறு பாதி வழியில் கண்ணுக்குத் தெரியாமல் போய், டம்ளருக்குள் காபி ராகமாக விழுந்து, நுரைத்து, விளிம்புவரை ஏறி, அடங்கியது. அதே நேரத்தில் சாக்ஸபோனின் வாயிலிருந்து அரை டம்ளர் காப்பி, சூடாக, சரியான நிறத்தில், காலண்டர் வியாபாரியின் துண்டில் கொட்டியது. அவர் துண்டைப் பிழிந்து நாக்கில் வைத்துப் பார்த்தார். சீனி கம்மி என்றார்.

மறுநாளே ஊர் முழுக்க அப்படித்தான். எதுவரை என்று ஆள் விட்டுப் பார்த்தார்கள். பேரருவியின் இரைச்சல் காதில் விழுகிற தூரம்வரை. அதற்கு அந்தப் பக்கம் காப்பி காப்பியாக இருந்தது, இந்தப் பக்கம் பாட்டாக இருந்தது. தென்காசியில் வாங்கிப் பிளாஸ்கில் கொண்டுவந்தவர்கள், மடியில் பிளாஸ்க் முனக ஆரம்பித்ததும், ஊர் வந்தாச்சு என்று பெட்டியை இறக்கினார்கள்.

ஊருக்கு ஆச்சரியப்பட நேரமில்லை. சீசன் நேரம். அதனால் பழகிக்கொண்டது. காலையில் எழுந்து பல் துலக்கி டம்ளரைக் காதில் வைத்தார்கள். தூள் தூக்கலாக இருந்தால் ராகம் கனத்து நின்று பாடியது, தண்ணிக் காப்பி மூக்கால் பாடியது, சீனி போடாத காப்பி வளையாமல் நெளியாமல் நேராகப் பாடிவிட்டு நிறுத்திக்கொண்டது, சிக்கரி கலந்தது இடையிடையே இருமியது, பாக்கெட்டுத் தூளை வெந்நீரில் கலக்கினால் செல்போன் மணி மாதிரி அடித்துவிட்டு ஓய்ந்தது. லாட்ஜுகளில் மாடிக்குக் கொண்டுபோகிறவர்கள் டம்ளர்மேல் டபராவைக் கவிழ்த்து மூடிக்கொண்டு ஏறினார்கள், இல்லாவிட்டால் பாதிப் பாட்டு படிக்கட்டிலேயே போய்விடும். பாட்டு ஆறிப்போச்சு, சூடாக மாற்றிக் கொண்டா என்று திருப்பி அனுப்பினவர்களும் உண்டு. காப்பி இல்லாமல் தலைவலி வந்தவர்கள் டம்ளரைத் துண்டில் சுற்றி நெற்றியில் கட்டிக்கொண்டு அருவிக்குப் போனார்கள். வலி போகவில்லை. ஆனால் தாளத்தோடு வலித்தது.

வெள்ளிக்கிழமை விரதக்காரர்களுக்குள் ஒரு தகராறு வந்தது, காப்பி கேட்டால் விரதம் கெடுமா கெடாதா என்று. நாலு நாள் பேசினார்கள். கடைசியில் குழல்வாய்மொழி அம்மன் சன்னிதி வாசலில் பூக்கட்டுகிறவர், காதுக்கு ஏதுவே விரதம் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார்; அதிலிருந்து ஊரிலேயே அதிகம் கேட்டவர்கள் விரதக்காரர்கள்தான், ஆளுக்கு ஆறு டம்ளர். மேலத்தெருவில் ஒரு வீட்டுக்குப் பெண் பார்க்க வந்தவர்கள், பெண் கொண்டுவந்து வைத்த காப்பியைக் காதில் வைத்துவிட்டு, பெண்ணுக்குப் பாட்டு வருமா என்று கேட்பதை விட்டுவிட்டார்கள். நிச்சயமும் ஆயிற்று. குரங்குகள் முதலில் டம்ளரைப் பிடுங்கி உள்ளே கைவிட்டுப் பார்த்தன, பிறகு பிடுங்கிக் காதில் வைத்துக்கொண்டு மதில்மேல் வரிசையாக உட்கார்ந்தன. ஓர் அதிகாரி வந்து, வெளியிடத்தில் காப்பி ஆற்றுவதற்கு ஒலிபெருக்கி அனுமதி வாங்கவேண்டும் என்று சொல்லி, ஒரு படிவத்தைக் கொடுத்து, ஒரு டம்ளர் கேட்டுவிட்டுப் போனார். டீக்கடைக்காரர்களுக்குத்தான் தலைக்கனம் தாங்கவில்லை. எங்க டீ வாயத் தெறக்காது சார் என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொன்னார்கள்.

நல்லது. இது ஒரு பக்கம்.

அந்தப் பக்கம் ஞானசிகாமணி. அவர் எந்த ராகத்தை ஊதினாலும் ஒன்றும் இல்லை, காபியைத் தொட்டால் காப்பி கொட்டியது. அருவி இரைச்சல் கேட்காத தூரத்துக்குப் போய் ஊதிப் பார்த்தார், செங்கோட்டை தாண்டிப் போய் ஊதிப் பார்த்தார். ஊரின் காப்பிக்கு எல்லை இருந்தது, அவருடைய சாக்ஸபோனுக்கு எல்லை இல்லை. கோமதிநாயகத்துக்குச் சந்தோஷம் பிடிபடவில்லை. காதால் கேட்டுச் சலித்தவர்கள் வாயால் குடிக்க வேறு வழி ஏது. சாக்ஸபோன் காப்பி என்று ஆளுயரத்துக்கு விளம்பரம் அடித்துச் சாலை முக்கில் கட்டினார், கூட்டம் டம்ளரும் கையுமாக மேடையிலிருந்து பூங்கா வாசல்வரை நின்றது, ஞானசிகாமணி காலை ஆறு மணியிலிருந்து விளக்கு வைக்கிறவரை காபியையே ஊதினார். ஒரு ஆலாபனைக்கு இரண்டு டம்ளர். விரல் கட்டைகளில் சீனி ஒட்டியது. உதடு வெந்தது. சாக்ஸபோனுக்குள் எறும்பு குடிவந்தது, தாரஸ்தாயிக்குப் போனால் எறும்புகள் வரிசையாக வெளியே வந்து நின்றுவிட்டு, கீழே இறங்கியதும் உள்ளே போயின.

சொரிமுத்து வேலையில்லாமல் பித்தளை பில்டரைத் துடைத்துக்கொண்டே இருந்தார். ஊற்றாமல் இருந்தால் கை மறந்துவிடும் என்று நாளுக்கு நாலுதரம் ஊற்றிப் பார்ப்பார். டம்ளர் பாடும். அவர் வைவார்.

அந்த டம்ளர்கள் நனையாமல் பின்கட்டுக்குத் திரும்பி வரும். பின்கட்டில் பாத்திரம் தேய்க்கிற அம்மாள் ஒருத்தி, பதினோரு வருஷமாகத் தேய்க்கிறாள், ஐம்பதைத் தாண்டியவள். பாத்திரம் தேய்க்கிறவர்கள் முன்கூடத்துக்கு வரக்கூடாது என்று கோமதிநாயகம் சட்டம் வைத்திருந்ததால் அவள் முன்கூடத்தைப் பார்த்ததே இல்லை. வாசனை பிடித்தே முன்னால் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்கிறவள். அவள் அந்த உலர்ந்த டம்ளர்களையும் சாம்பல் போட்டுத் தேய்த்தாள். நனையாதத எதுக்குத் தேய்க்க என்று சொரிமுத்து கேட்டார்.

"பாட்டு பட்டாலும் எச்சி எச்சிதான்."

இப்போது கல்யாணத்துக்கு வருகிறேன். ஞானசிகாமணிக்கு ஒரே மகள், எப்சிபா, திருநெல்வேலியில் நர்ஸ் வேலை. ஆவணி முதல் புதன்கிழமை காலை பத்து மணிக்கு மேட்டுத்தெரு சபைக் கோயிலில் அவளுக்குக் கல்யாணம், மாப்பிள்ளை நாசரேத்துக்காரர். அவள் தொட்டிலில் கிடந்த காலத்தில் அழுகையை நிறுத்துவதற்காக ஞானசிகாமணி சாக்ஸபோனுக்குள் ஒரு துண்டைத் திணித்துக்கொண்டு மெதுவாக ஊதிய காபி ராகத் துண்டு ஒன்று உண்டு, அதற்கு வரியும் கிடையாது பேரும் கிடையாது, உலகத்தில் அதை அறிந்தவர்கள் இரண்டே பேர். கோயில் வாசலிலிருந்து பீடம்வரை நான் நடக்கும்போது அதைத்தான் ஊதவேண்டும் என்று அவள் பத்து வயதிலேயே சொல்லி வைத்திருந்தாள். அவரும் சரி என்று சொல்லி வைத்திருந்தார். அப்போது காபியில் காப்பி கொட்டாது.

சம்பந்தியம்மாள் நேரில் வந்து பார்த்தாள். ஒரு டம்ளர் குடித்தாள். காப்பி நல்லாத்தான் இருக்கு, ஆனா வெள்ளைச் சேலையில பட்டா கறை போவாது, கோயிலுக்குள்ள இந்தக் குழாயைக் கொண்டுவராதீங்க என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஞானசிகாமணி மகளிடம் சொல்லிப் பார்த்தார்.

"வேற வாசிக்கேன்ட்டி. மோகனம் வாசிக்கேன். அதுல ஒண்ணும் சொட்டாது."

"மோகனம் நீங்க வடைக்கு வாசிக்கது. நான் வடையாப்பா?"

அவர் சாக்ஸபோனிலிருந்து ஓர் எறும்பைத் தட்டிவிட்டார்.

"அந்தத் துண்ட வாசிக்கலேன்னா நான் வாசல்லயே நிப்பேன், பாத்துக்கிடுங்க. உள்ள வரமாட்டேன்."

செய்யக்கூடியவள்தான். எட்டு வயதில், ஜன்னல் சீட்டு கிடைக்காத கோபத்தில் பஸ்ஸை விட்டு இறங்கமாட்டேன் என்று சொல்லி, டிப்போவரை போனவள்.

அதற்குப் பிறகு ஞானசிகாமணி படாத பாடில்லை. சாக்ஸபோன் பழுது பார்க்கிறவரிடம் போனார். அவர் கழற்றி மாட்டி, வாய்க்குள் ஒரு வடிகட்டியைப் பொருத்திக் கொடுத்தார், அதிலிருந்து டிகாக்ஷன் மட்டும் வந்தது. மலையடிவாரத்து மந்திரவாதியிடம் போனார். அவர் ஒரு தாயத்தைக் கட்டினார், காப்பியில் ஏலக்காய் மணத்தது, கோமதிநாயகம் அந்தத் தாயத்தை அவிழ்க்கக்கூடாது என்று உத்தரவு போட்டார். போதகர் ஜெபம் செய்தார். பாட்டு வாத்தியார் ஒருவர் வந்து ஒரு மணிநேரம் கேட்டுவிட்டு, ராகத்தில் பிழையில்லை, பால்தான் கொஞ்சம் அதிகம் என்றார். கோமதிநாயகம் மட்டும், எதுக்கு அண்ணாச்சி வந்த சீதேவிய வெரட்டுதியரு என்று கேட்டுக்கொண்டே இருந்தார். ஞானசிகாமணிக்கு மகளின் காலடியும் அந்த ராகமும் கனவில் சேர்ந்து வந்தன. சேலை பழுப்பாக வந்தது.

செவ்வாய்க்கிழமை வந்துவிட்டது. மறுநாள் கல்யாணம். பந்தலில் ஏதாவது குடிக்கக் கொடுக்கவேண்டுமே, டீயாவது ஊற்றலாம் என்று ஞானசிகாமணி கடையில் நூறு டம்ளர் இரவல் கேட்டார். கோமதிநாயகம் எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வெளியே போனார். பின்வாசல் பக்கம் சாரல் தண்ணீர் முழங்காலளவு நின்றதால், பாத்திரம் தேய்க்கிற அம்மாள் டம்ளர்க் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு, பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக, முன்கூடத்துக்கு வந்தாள். மத்தியானம் மூன்று மணி. சாப்பாடு முடிந்து பலகாரம் தொடங்காத நேரம், ஆளில்லை; சொரிமுத்து பில்டரைத் துடைத்துக்கொண்டிருந்தார், ஞானசிகாமணி மேடையில் எறும்பு தட்டிக்கொண்டிருந்தார். அவள் வீணை நாற்காலிகளில் இடிக்காமல் ஒதுங்கி நடந்தாள். டம்ளர்களை மேசைமேல் பத்துப் பத்தாக அடுக்கினாள். ஒன்று குறைந்தது. தொண்ணூற்றொன்பது. திரும்ப எண்ணினாள். தலையைத் தூக்கியபோது பலகை கண்ணில் பட்டது.

அவளுக்கு எழுத்துத் தெரியாது. எண்ணத் தெரியும்.

"இது என்ன, எல்லா வரியிலயும் ரெண்டு ரெண்டு பேரா சோடி சேந்து நிக்காவ. கடைசில மட்டும் ஒத்தையா நிக்கே?"

சொரிமுத்து பலகையைப் பார்த்தார். இரண்டு மாதமாகத் தினமும் அந்தப் பலகைக்குக் கீழேதான் நிற்கிறார். ராகத்துக்கும் பேரு காபி, குடிக்கதுக்கும் பேரு காபி, ஒண்ணு எழுதினாப் போதும்னு விட்டிருப்பான் என்றார்.

"பேரு ஒண்ணுன்னா ஆளும் ஒண்ணா? எங்க தெருவுல மூணு இசக்கி இருக்கா. மூணு பேருக்கும் தனித்தனியாத்தான் சோறு."

ஞானசிகாமணி எறும்பு தட்டுவதை நிறுத்தினார். அவள் பலகைக்குக் கிட்டே போய், ஒரு விரலைத் தூக்கி, 'பி' என்ற எழுத்தின்மேல் வைத்தாள். இது டம்ளர்தான என்று கேட்டாள். அது பானா, மேலே வளைவு போட்டிருக்கிறது என்றார் சொரிமுத்து.

"டம்ளருங்கேன். கொக்கி வச்ச மூடி போட்டிருக்கு. இருக்கது ஒரு டம்ளரு, அதுவும் மூடிக் கெடக்கு. பாட்டும் காப்பியும் அதுக்குள்ளயே எறங்கணும்னா எவன் எங்க எறங்குவான்? எடம் மாறித்தான் எறங்குவான்."

எதிர்க்கடையிலிருந்து மந்திரமூர்த்தியைக் கூட்டிவந்தார்கள். அவர் சங்கடப்படவில்லை, பெருமைப்பட்டார். முதலாளி எழுதிக்கொடுத்த தாளில் கடைசி வரியில் காபி என்றும் பக்கத்திலேயே காப்பி என்றும் ஒரே வார்த்தை இரண்டு தரம் இருந்தது, ஒன்றில் 'ப்' வேறு கூடக் கிடந்தது, அண்ணாச்சி அவசரத்தில் கைதவறி எழுதிவிட்டார் என்று பிழையாக இருந்ததை அடித்துவிட்டுச் சரியாக இருந்ததை எழுதினேன், எழுதுகிறவனுக்கு அந்த அறிவுகூட இல்லாவிட்டால் எப்படி என்றார். சரி, இப்போது எழுதும் என்றார்கள். சாரலில் பெயிண்ட் காயாது, வெயிலடிக்கட்டும், வந்து எழுதுகிறேன் என்றார். குற்றாலத்தில் ஆவணி முடியாமல் எங்கே வெயிலடிக்கும்.

அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே அவள் சொரிமுத்தின் கையிலிருந்த பில்டரை வாங்கி, அடித்தட்டில் ஈரமாக ஒட்டிக்கிடந்த காப்பிச் சக்கையில் ஆள்காட்டி விரலைத் தோய்த்து, பலகையில் 'காபி'க்கு வலதுபக்கம் காலியாகக் கிடந்த இடத்தில், மேலிருந்து கீழே ஒரு கோடு, அடியில் குறுக்கே ஒரு கோடு, கீழிருந்து மேலே ஒரு கோடு இழுத்து, அதற்கு மேலே ஒரு சொட்டு வைத்தாள்.

மந்திரமூர்த்தி, அது 'ப்' என்றார்.

"அது டம்ளர். சொட்டு விழப்போவுது. கீழ நின்னு வாங்கு."

காபிக்கும் காப்பிக்கும் நடுவே இருக்கிற வித்தியாசமே அந்த ஓரெழுத்துதான் என்று பள்ளிக்கூட வாத்தியார்கள் பிறகு விளக்கினார்கள். பிறகு எல்லோரும் விளக்குவார்கள். அந்த நேரத்தில் யாரும் விளக்கவில்லை. சொரிமுத்து பாலைச் சூடாக்கினார், டிகாக்ஷனைக் கலந்தார், வலது கையைத் தலைக்கு மேல் தூக்கி ஊற்றினார், கயிறு இறங்கியது, பாதி வழியில் மறையவில்லை, அடிவரை இறங்கியது, டம்ளர் நிறைந்தது, நுரை நின்றது, ஆவி எழும்பியது. அவர் டம்ளரைக் காதில் வைத்துப் பார்த்தார். டம்ளர் பாடவில்லை. அப்புறம் வாயில் வைத்தார். காப்பி மாஸ்டர்கள் தாங்கள் போட்டதைத் தாங்கள் குடிப்பது வழக்கமில்லை. சொரிமுத்து முழுதையும் குடித்தார்.

கோமதிநாயகம் உள்ளே வந்தார். முதலில் முன்கூடத்தில் அவளைப் பார்த்தார், அப்புறம் பலகையைப் பார்த்தார்.

"பலகையில எவ கைய வச்சா? நாளைக்கு நீ வேலைக்கு வரவேண்டாம்."

சொரிமுத்து இரண்டாவது டம்ளரை ஊற்றி அவர் கையில் கொடுத்தார். வேறு யாராவது கொடுத்திருந்தால் தட்டிவிட்டிருப்பார். அறுபது நாளாக எச்சில் வாடையும் எறும்பும் ஏலக்காயும் இல்லாத காப்பியைப் பார்க்காத ஆள், நின்றபடியே குடித்தார், டம்ளரை நீட்டினார், இன்னொன்று குடித்தார், உட்கார்ந்தார், யாளி தோளில் குத்தியது, அதையும் பொறுத்துக்கொண்டு மூன்றாவது குடித்தார். சாலை முக்கில் கட்டியிருந்த விளம்பரத்தின் பக்கம் ஒருமுறை பார்த்தார். பெருமூச்சு விட்டார்.

"நாளைக்கு யாருமே வேலைக்கு வரவேண்டாம். அண்ணாச்சி வீட்டுக் கல்யாணம்."

அந்தப் பலகையை அப்புறம் யாரும் திருத்தவில்லை. மந்திரமூர்த்தி வெயில் வந்த பிறகு தூரிகையோடு வந்தார், கோமதிநாயகம் ஏணியைப் பிடுங்கி வைத்துக்கொண்டார். இன்றைக்கும் கடைசி வரியில் 'காபி ப்' என்றுதான் இருக்கிறது. வெளியூர்க்காரர்கள் படித்துவிட்டு, ஒரு காபிப் என்பார்கள். வந்துவிடும்.

ஆனால் சாக்ஸபோன்? அதுதான் கேள்வி. ஊதிப் பாரும் என்று சொரிமுத்து சொன்னார், மந்திரமூர்த்தி சொன்னார், கோமதிநாயகம்கூட ஒரு டம்ளரைக் கையில் பிடித்துக்கொண்டு சொன்னார். ஞானசிகாமணி சாக்ஸபோனை உறையில் போட்டுக் கட்டிவிட்டார்.

"சரியாச்சுன்னா நாளைக்குத் தெரியும். ஆகலேன்னு இன்னைக்கே தெரிஞ்சு என்ன செய்யப்போறேன். ஒறக்கமும் போவும்."

புதன்கிழமை காலை பத்து மணிக்குச் சபைக் கோயில் நிரம்பியிருந்தது. சாரல் அடித்ததால் எல்லோர் கையிலும் குடை இருந்தது, சாரல் அடிக்காவிட்டாலும் இருந்திருக்கும். சம்பந்தியம்மாள் நடைவழியில் போட்ட விரிப்பின்மேல் பிளாஸ்டிக் தாள் விரித்து, தானும் ஒரு பெரிய துண்டோடு முன்வரிசை ஓரத்தில் உட்கார்ந்தாள். ஞானசிகாமணி பீடத்துக்குப் பக்கத்தில் நின்றார். சட்டைப் பித்தான் ஒன்று மாறிப் போட்டிருந்தது, யாரும் சொல்லவில்லை. எப்சிபா வெள்ளைச் சேலையில் வாசலில் வந்து நின்றாள். உள்ளே கால் வைக்கவில்லை. அப்பாவைப் பார்த்தாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு சாக்ஸபோனை வாயில் வைத்தார்.

முதல் சுரம் வந்ததும் கோயிலுக்குள் அத்தனை குடையும் விரிந்தது. ஒரு வரிசை விடாமல். அந்தக் குடைகளுக்கு நடுவே, தொட்டிலில் கேட்ட அதே துண்டு, அதே வேகம், இருபத்தேழு வருஷத்துக்கு முன்னால் எங்கே மூச்சு வாங்கினாரோ அங்கேயே மூச்சு வாங்கி, ஊதிக்கொண்டே போக, எப்சிபா வாசலைத் தாண்டி, பிளாஸ்டிக் தாள்மேல் சரசரவென்று, அவசரமில்லாமல் நடந்து வந்தாள். நடுவழிக்கு வந்தபோது சாக்ஸபோனின் வாய் விளிம்பில் ஒரு சொட்டு திரண்டது. எல்லோரும் பார்த்தார்கள். எப்சிபாவும் பார்த்தாள், நிற்கவில்லை. சொட்டு தொங்கியது, நீண்டது, தரையில் விழுந்தது. சம்பந்தியம்மாள் எழுந்துபோய்க் குனிந்து, அதை ஒரு விரலில் தொட்டு, மூக்கில் வைத்துப் பார்த்தாள்.

"எச்சி."

சாக்ஸபோன் ஊதினால் எச்சில் வரத்தான் செய்யும். குடைகள் மடங்கின. ஞானசிகாமணி கண்ணைத் திறக்கவே இல்லை, அவள் பீடத்துக்கு வந்து சேர்ந்த பிறகும் இரண்டு ஆலாபனை அதிகமாக ஊதினார், போதகர் தொண்டையைச் செருமும்வரை.

வெளியே பந்தலில் சொரிமுத்து நின்றார். வலது கை தலைக்கு மேல், இடது கை முழங்காலுக்குக் கீழே, இரண்டு மாதத்துக்கும் சேர்த்து ஊற்றினார். வாங்கினவர்கள் பழக்க தோஷத்தில் முதலில் காதில் வைத்தார்கள், அப்புறம் வெட்கப்பட்டு வாய்க்குக் கொண்டுபோனார்கள். ஓரிரண்டு பேர் முகத்தில் ஏமாற்றமும் தெரிந்தது. மதில்மேல் குரங்குகள் டம்ளரைக் காதில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தன, அவற்றுக்கு யாரும் விளக்கவில்லை.

எப்சிபா கையில் ஒரு டம்ளர் காப்பியோடு வந்து, இதைச் சரிபண்ணினது யாரு, அவங்களுக்கு முதல்ல கொடுக்கணும் என்றாள். ஞானசிகாமணி சொரிமுத்தைப் பார்த்தார். சொரிமுத்து கோமதிநாயகத்தைப் பார்த்தார். கோமதிநாயகம் பந்தல் காலைப் பார்த்தார். ஏளா என்பார் முதலாளி, யக்கா என்பார்கள் சர்வர்கள், பின்கட்டு என்பார் சொரிமுத்து. பதினோரு வருஷம் இந்த மூன்றிலேயே ஓடிவிட்டது. மூன்று பேருமாகப் பந்தலுக்குப் பின்னால் கையைக் காட்டினார்கள்.

அங்கே அவள் எச்சில் டம்ளர்க் குவியலுக்கு முன்னால் குந்தியிருந்தாள். காணாமல் போன நூறாவது டம்ளரை எந்தக் குரங்கோ மதிலிலிருந்து போட்டுவிட்டுப் போயிருந்தது, அதை முதலில் தேய்த்து வைத்திருந்தாள். எப்சிபா வெள்ளைச் சேலையை முழங்காலுக்கு மேலே சுருட்டிக்கொண்டு அவளுக்கு எதிரே குந்தி, காப்பியை நீட்டினாள்.

"யக்கா, ஒங்க பேரு என்ன?"

அவள் கையை முந்தானையில் துடைத்து, டம்ளரை வாங்கி, காதில் வைக்காமல் நேரே வாயில் வைத்து, பாதி குடித்தாள்.

"குழல்வாய்மொழி."